துண்டில் முடிந்து வந்த செடி

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
8-7-85

ராஜாமணிக்கு உன் அத்தை சவுரியம்மாள் எழுதுவது.

நீ விழுப்புரம் போய் நாலு மாசம் ஆகப்போகிறது. சுகமா இருக்கியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடக்கத்தன்று அத்தனை பேர் எதிரில் "உன்னாலதான்டி என் புள்ள போனான்" என்று நான் சொன்னது சொன்னதுதான். அதை அழிக்க இந்தக் கடுதாசி எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

இருதயராஜின் துண்டு உனக்கு ஞாபகம் இருக்கும், பச்சைக் கரை போட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி மூட்டையில் இருந்தது. மூணாம் நாள் துவைக்க எடுத்தேன். ஒரு முனையில் முடிச்சு. பீடிக்கட்டு என்று நினைத்து அவிழ்த்தால் ஒரு செடி. இலை கெட்டியாக, நடுவில் மடித்துவிட்ட மாதிரி, ஒன்றுக்குமேல் ஒன்று ரெண்டு பக்கமும் அடுக்கி இருக்கிறது. வேர் பென்சில் கனம். அதில் துளி மண் இல்லை. புளியம்பட்டை ஒரு சில்லு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் யாரிடமும் காட்டவில்லை. டால்டா டின்னில் ஆட்டுப்புழுக்கை போட்டு, அவன் கல்லறை மண் ஒரு பிடி கலந்து நட்டேன். தினம் தண்ணீர் ஊற்றுகிறேன். செடி தேறவில்லை, மஞ்சளாகிறது. இலை நுனியெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கிறது. பொறி வைத்தேன். நாலு நாள் மசால்வடை காய்ந்ததுதான் மிச்சம், எலி வரவில்லை. வேர் மண்ணை விட்டு வெளியே வருகிறது. தினம் காலையில் உள்ளே தள்ளி மூடுகிறேன். மறுநாள் பார்த்தால் வெளியே வந்து நிற்கிறது.

இப்போது நான் கேட்க வந்தது. ரோட்டோரப் புளியமரங்களை ஏலம் எடுத்த விருத்தாசலம் என்னிடம் சொன்னது இது: "அந்த மரத்துக் காயெல்லாம் உலுக்கி முடிச்சாச்சும்மா. எறங்கி டீயும் குடிச்சாச்சு. நாங்க மூட்டை கட்டிக்கினு இருந்தோம். இவன் மறுபடியும் அதே மரத்துல ஏறினான். ஏன்டா ஏறுறன்னு கேட்டேன், பதிலே சொல்லல." தெருவில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? பொண்டாட்டியோடு ராத்திரி சண்டை, காலையில் கஞ்சி குடிக்காமல் போனான், தானாகவே விழுந்துவிட்டான் என்று. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

சாக ஏறினவன் செடியைப் பிடுங்கித் துண்டில் முடிவானா? நீயே சொல்லு.

உங்க அப்பா தேவசகாயத்துக்குக் காலேஜில் தோட்ட வேலைதானே. அங்கே செடிப் பாடம் எடுக்கிற வாத்தியார் இருப்பாராம். ஒரு இலை இதோடு வைத்திருக்கிறேன். இது என்ன செடி, இதை எதற்கு எடுத்தான் என்று கேட்டு எழுது.

சவுரியம்மாள்


விழுப்புரம்,
20-7-85

அன்புள்ள அத்தைக்கு ராஜாமணி எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதமும் இலையும் வந்தன. அப்பா இலையை எடுத்துக்கொண்டு போய், காலேஜில் செடிப் பாடம் எடுக்கிற சீனுவாசன் சாரிடம் காட்டினார். நானும் கூடப் போனேன். எலிப்பொறி வைத்தீர்கள் என்று அப்பா சொன்னதும் சார் சிரித்துவிட்டார். "எலி கடிக்கலம்மா. இந்த எலையோட நுனி பொறக்கும்போதே அப்படித்தான் பொறக்கும்" என்றார்.

இது ஆர்க்கிட் சாதியாம். மரத்தின் மேல் உட்கார்ந்து வளருமாம். புல்லுருவி மாதிரி மரத்தின் சத்தை உறிஞ்சாதாம். உட்கார இடம் மட்டும்தான் கேட்குமாம். என்ன பேர் என்று கேட்டதற்கு, "இதுல எத்தனையோ வகை இருக்கு. பூவப் பாக்காம பேரு சொன்னா அது ஊகம்தான். பூத்தா கொண்டாங்க" என்றார்.

அத்தை, முக்கியமான விஷயம். இதை மண்ணில் வைக்கக்கூடாதாம். வேர் காற்றுக்கு வரத்தான் தவிக்கிறதாம். நீங்கள் உள்ளே தள்ள அது வெளியே வருவது அதனால்தானாம். உடனே மண்ணிலிருந்து எடுத்து, கறுத்துக் குழைந்த வேரை வெட்டிவிட்டு, சொரசொரப்பான கட்டை ஒன்றில் துணியால் கட்டச் சொன்னார். உச்சி வெயில் படக்கூடாது. புளியங்கட்டை கிடைத்தால் நல்லது என்றார்.

அவர் எதற்காக மறுபடி ஏறினார் என்று நீங்கள் கேட்டதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது?

ராஜாமணி


சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
29-7-85

ராஜாமணிக்கு,

படித்த வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த டின்னில் இருப்பது கல்லறை மண். அதைக் கொட்டு என்று நீ எழுதியிருக்கிறாய். கையால் எழுதத்தானே, உனக்குச் சுலபம். புளியங்கட்டையை என் வீட்டுக்குள் கொண்டுவா என்கிறாய். புளி கரைத்து நான் குழம்பு வைத்தே நாலு மாசம் ஆகிறது. எந்த மரமானாலும் புளியமரம் வேண்டாம்.

இத்தோடு நிறுத்தி ஒட்டலாம் என்றிருந்தேன். ஒட்டவில்லை.

1-8-85

நேற்று அடி இலை ரெண்டு தானாகக் கழன்று கையோடு வந்தது. பிறகு நான் யோசிக்கவில்லை. டின்னைக் கவிழ்த்தேன். வேர் பாதி கறுத்துப்போய் நாற்றமடித்தது. நாலு மாசமாக நானேதான் தினம் தினம் மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கறுத்ததை எல்லாம் வெட்டினேன். நல்ல வேர் மூன்று நின்றது. மண்ணைக் கீழே கொட்டவில்லை. முந்தானையில் கட்டிக்கொண்டு முட்டி வலியோடு கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

செடியை வாசல் கூரைக்கு முட்டுக் கொடுத்திருக்கிற வேப்பங்காலில் கட்டினேன். கட்டத் துணி வேண்டும் அல்லவா. துண்டைக் கிழிக்க மனசு வரவில்லை. பச்சைக் கரையை மட்டும் கிழித்தேன்.

எவ்வளவு தண்ணீர் என்று கேட்டு எழுது.

சவுரியம்மாள்


விழுப்புரம்,
10-8-85

அன்புள்ள அத்தைக்கு,

சாரிடம் கேட்டேன். வேரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமாம். வெள்ளையாக வெளுத்திருந்தால் தாகம். தண்ணீர் தெளித்ததும் வேர் பச்சையாக மாறும். பச்சையானதும் நிறுத்திவிட வேண்டும். மறுபடி வெளுக்கும்வரை கிட்டப் போகக்கூடாது. இலைகளுக்கு நடுவில் உச்சியில் தண்ணீர் தங்கக்கூடாது. ஆட்டுப்புழுக்கை, சாணி எதுவும் வேண்டாம்.

நீங்கள் கரையைக் கிழித்ததைப் படித்தேன். அந்தத் துண்டு அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் நான் வாங்கிக் கொடுத்தது. உங்களுக்குத் தெரியாது.

ராஜாமணி


சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
3-11-85

ராஜாமணிக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். நீ வருவாய் என்று நினைத்தேன். விழுப்புரம் பஸ் நிற்கிற இடத்தில் மத்தியானம் வரைக்கும் நின்றேன். மூன்று பஸ் போனது. பிறகு நானே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி வைத்து, சாமந்தி போட்டேன்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். நம் கல்லறையிலும் தெளித்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பின்னால் நின்ற நம் தெருக்காரி பூமாலைதான் இன்னொருத்தியிடம் சொன்னாள், எனக்குக் கேட்கிற மாதிரி. "தானா விழுந்தவனுக்கெல்லாம் தீர்த்தம் தெளிக்கிறாங்க, காலம் மாறிப்போச்சு." நான் திரும்பிப் பார்த்தேன். கையில் என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு செடி. பேர் தெரியாத செடி. அதைக் காட்டினால், காய் உலுக்கும்போது கையோடு வந்திருக்கும் என்பாள்.

அதனால் நேராகவே கேட்கிறேன். அன்றைக்குக் காலையில் அவன் போகும்போது நான் மல்லாட்டை மண்டிக்குக் கடலை உடைத்துப் பருப்புப் பொறுக்கப் போய்விட்டேன். வீட்டில் நீதான் இருந்தாய். அவன் உன்னிடம் ஏதாவது சொன்னானா? நீ அவனிடம் ஏதாவது சொன்னாயா? அவன் ஏன் மறுபடியும் ஏறினான் என்று தெரியாமல் நான் கண்ணை மூடப்போவதில்லை. எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

செடி பிழைத்துவிட்டது. புது வேர் ஒன்று வேப்பங்காலைப் பிடித்துக்கொண்டது. அதன் நுனி பச்சை மிளகாய் மாதிரி இருக்கிறது.

சவுரியம்மாள்


விழுப்புரம்,
19-1-86

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாதது தப்புதான். கல்லறைத் திருநாளுக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். அந்த ரோட்டில் அந்த மரங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். ஏறவில்லை, திரும்பிவிட்டேன்.

வானூர்ப் பக்கத்திலிருந்து ஒருவருக்குப் பெண் கேட்டு வந்தார்கள். கொத்தனார் வேலை, முதல் சம்சாரம் தவறிவிட்டதாம். அப்பா உங்களுக்கு எழுதச் சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயசில் எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது என்று அம்மா அழுகிறாள்.

நீங்கள் கேட்டதற்கு

(இங்கே இரண்டு வரி மையால் அடிக்கப்பட்டிருக்கிறது.)

குளிர் காலத்தில் செடிக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ராஜாமணி


சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
12-5-86

ராஜாமணிக்கு,

உன் தை மாசக் கடுதாசியில் ரெண்டு வரி அடித்திருந்தாய். விளக்கில் பிடித்துப் பார்த்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு அடிக்காததைப் படிப்பதே பெரிய பாடு. கல்யாண விஷயம் உன் இஷ்டம். குறுக்கே விழுந்து மறிக்க நான் யார்?

இப்போது எழுதுவது வேறு. செடி பூத்துவிட்டது.

இலைக்கு நடுவிலிருந்து குச்சி ஒன்று வந்தது. அதையும் வேர் என்றுதான் நினைத்தேன். பதினெட்டு நாள் கழித்து மொக்கு. முந்தாநாள் காலையில் வெளியே வந்தேன், வாசல் முழுக்க வாசனை. மல்லிகையும் இல்லை, தாழம்பூவும் இல்லை, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அஞ்சு பூ. இதழ் பழுப்பும் பச்சையும் கலந்து, மேலே கோடு கோடாகக் கட்டம் போட்ட மாதிரி இருக்கிறது. பார்க்க அப்படி ஒன்றும் அழகில்லை. ஆனால் நடுவில் நாக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, அது மட்டும் ஊதா.

அதன் எதிரில் உட்கார்ந்து மண்டிக்கும் போகாமல் அழுதேன். பதினாலு மாசமாக என்னிடம் ஊமையாக நின்ற செடி. இப்போது வாய் திறந்து என்னவோ சொல்கிறது, எனக்குத்தான் விளங்கவில்லை.

ஒரு பூவைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். பேர் கேட்டு எழுது.

சவுரியம்மாள்


விழுப்புரம்,
18-5-86

அன்புள்ள அத்தைக்கு,

கவரைப் பிரித்ததும் வாசனை வந்தது. சாரிடம் கொண்டு போவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இது எப்போதோ தெரியும் அத்தை. முதல் கடிதத்தில் நீங்கள் புளியம்பட்டை என்று எழுதியபோதே தெரியும்.

சார் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். இதற்கு வாண்டா என்று பேராம். இன்னொரு பேரும் சேர்த்துச் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. நம் ஜனங்கள் மரவாழை என்பார்களாம். நம் பக்கத்துப் புளியமரம், மாமரத்தில் சாதாரணமாக இருக்குமாம். நாட்டு வைத்தியத்தில் முட்டி வலிக்கு இதன் வேரைச் சேர்ப்பார்களாம். வெயில் காலத்தில்தான் பூக்குமாம்.

வெயில் காலத்தில்தான் பூக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்த அன்று கூட்டேரிப்பட்டு தாண்டி பஸ் பஞ்சரானது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். இந்த வாசனை வந்தது. கீழே ஒரு பூ உதிர்ந்து கிடந்தது. அவர் எடுத்து என் தலையில் வைத்துவிட்டு, "புளி உலுக்குறப்ப இந்த மரத்துக்கும் வருவேன். உனக்குக் கொத்தாவே கொண்டாந்து தர்றேன் பாரு" என்றார்.

அந்த ராத்திரிச் சண்டை, நான் அம்மா வீட்டுக்குப் போகக் கேட்டதற்கு, புளி சீசன் முடியட்டும் என்று அவர் சொன்னதுதான். வேறு ஒன்றும் இல்லை. காலையில் நான் முகம் கொடுக்கவில்லை. வாசலில் நின்று, "ராஜி, பேச மாட்டியா?" என்றார். "அந்த மரத்துப் பூவக் கொண்டாந்து குடு, அப்புறமாப் பேசறேன்" என்றேன். "இது பூ இல்லாத காலம்டி" என்று சிரித்தார். "அப்போ பேச்சும் இல்லாத காலம்தான்" என்றேன். அவர் கஞ்சி குடிக்காமல் போய்விட்டார்.

நான் அவரிடம் கடைசியாகப் பேசினது அதுதான்.

பூ இல்லாததால் செடியையே எடுத்திருக்கிறார். அவர் சாக ஏறவில்லை அத்தை. என்னைப் பேச வைக்க ஏறினார். இதைச் சொன்னால், உன்னாலதான் என்று நீங்கள் சொன்னது நிஜமாகிவிடும். அந்தப் பயத்தில் அவர் பேர் தெருவில் கெடுவதைக் கேட்டுக்கொண்டு ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தை மாசம் எழுதி அடித்ததும் இதுதான்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். தெருவில் படிக்கச் சொல்லுங்கள். வானூர்க்காரர்கள் காதுக்குப் போய், புருஷனை மரத்தில் ஏற்றி அனுப்பியவள் என்று வேண்டாம் என்றாலும் சரி.

ராஜாமணி


சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
2-6-86

ராஜாமணிக்கு அத்தை எழுதுவது.

உன் கடுதாசியை நாலு தடவை படித்தேன். கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். ஒரு வாரம் உன் பேரை நினைத்தாலே பல்லைக் கடித்தேன். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் பூமாலை வாயை நான் அன்றைக்கே அடைத்திருப்பேன். அப்புறம், அடக்கத்தன்று நான் உன்னிடம் சொன்னதை நினைத்தேன். அதைக் கேட்டுவிட்டு யார்தான் வாய் திறப்பாள்?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூ வாடத் தொடங்கிவிட்டது, ரெண்டுதான் நன்றாக இருந்தது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். உன் கடுதாசியும் ரவிக்கையில் இருந்தது. பூசை முடிந்து எல்லாரும் வாசலில் நின்றார்கள். விருத்தாசலமும் வேலைக்கு ஆள் கூப்பிட வந்து நின்றுகொண்டிருந்தார். பூமாலையும் இருந்தாள். பூவைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன். "இந்தச் செடிய எடுக்கத்தான் என் புள்ள ரெண்டாந்தரம் ஏறினான். அவன் துண்டுலதான் முடிஞ்சு இருந்துச்சு. இதோட வேரு முட்டி வலிக்கு மருந்து. நான்தான் கேட்டுக்கினே இருந்தேன். நான்தான் அவன அனுப்பினேன்."

பூமாலைதான், "அப்பவே சொல்லிருக்கலாமே அக்கா, நாங்க என்னென்னவோ பேசிக்கினு இருந்தோமே" என்றாள். "சொல்ல வாய் வரலடி" என்றேன். அது ஒன்றுதான் நிஜம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒப்புக்கொள்ள ஒரு பொய் கூடிப்போனது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் விருத்தாசலம் வீட்டுக்கு வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வேப்பங்கால் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார். "இத எடுக்கவா ஏறினான்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். இன்றைக்குக் காலையில் குழாயடியில் நான் போனதும் பேச்சு நிற்கவில்லை. என் குடத்துக்கு முன்னால் இடம் விட்டார்கள்.

உன் கடுதாசி அடுப்பில் போய்விட்டது. இதையும் படித்துவிட்டு எரித்துவிடு. வானூர்க்காரர் காதுக்கு எதுவும் போகாது. உன்னாலதான் என்று நான் சொன்னதைத் தெருவில் இனி யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். நாம் ரெண்டு பேரும் மறக்கப்போவதில்லை, என்ன செய்வது.

அவன் உனக்காக எடுத்தது என்னிடம் இருக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது. ஆனால் வேப்பங்காலை அது இறுகப் பிடித்துக்கொண்டது, பிய்த்தால் செத்துவிடும். அடியில் ஒரு குட்டி விட்டிருக்கிறது. அதற்கு இன்னும் வேர் இல்லை. வேர் விட்டதும் நீயே வந்து உன் கையால் பிரித்து எடுத்துக்கொள். எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே கொண்டு போ. அந்த ரோட்டில் தனியாக வர முடியாது என்றால் எழுது. நான் விழுப்புரம் வந்து உன்னை அழைத்து வருகிறேன். மரங்கள் வரும்போது நீ என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்.

தண்ணீர் ஊற்றுவது உனக்குத் தெரியும். மண்ணில் மட்டும் வைக்காதே.

சவுரியம்மாள்